கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு

என் வாழ்க்கையில் நான் பயப்படாத நாள் எது என்று கேட்டால், பம்பாயில் கராச்சிக் கப்பல் ஏறிய நாளைத்தான் சொல்வேன். நியாயமாகப் பயப்பட வேண்டிய நாள் அது ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து எனக்குத் தைரியம் வந்து தொலைத்தது.

நான் இனாயத். மயிலாப்பூர் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தவன். ராயப்பேட்டையில் ஒரு சேட்டிடம் பதினெட்டு வருஷம் ராணுவ உடுப்பு வெட்டினேன். நாற்பத்தேழாம் வருஷக் கடைசியில் சேட் கடையையே கராச்சிக்கு மாற்றினார். "ஆறு மாசம் வந்து வேலையை நிலைநிறுத்திக் கொடு இனாயத், அப்புறம் திரும்பிப் போயிடு" என்றார். பெங்களூருக்குப் போய்வருவது மாதிரி நினைத்துக்கொண்டு போனேன். மனைவி ஹாஜிரா பீயும் ஏழு வயது மகளும் இங்கேயே இருந்தார்கள்.

அடுத்த ஜூலையில் சட்டம் வந்தது. அங்கே போனவன் இங்கே வர வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். வரிசையில் நின்று நின்று கால் வீங்கி, டிசம்பரில் மூன்று மாதத்துக்கு ஒரு பெர்மிட் வாங்கினேன். வருகிற காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதினார்கள். பிறந்த வீட்டுக்கு வர விருந்தாளிச் சீட்டு. அதையும் சலாம் போட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

இங்கே வந்ததும் ஆபீஸ் குமாஸ்தா தெளிவாகச் சொல்லிவிட்டார். "பெண்டாட்டியைப் பார்க்க வந்தீர், பாரும். வேலை கீலை பார்த்ததாகத் தெரிந்தால் பெர்மிட் ரத்து, அடுத்த கப்பல்." இங்கேயே நிரந்தரமாக இருக்க மனுப் போட்டேன். கராச்சிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மனுப் போடு என்று பார்த்தவரெல்லாம் புத்தி சொன்னார்கள். ஹாஜிரா மட்டும், "வாசப்படி தாண்டினீங்கன்னா உங்களை நான் இனிமே பார்க்கமாட்டேன்" என்றாள். அதனால் நகராமல் உட்கார்ந்தேன். தவணையை இரண்டு தடவை நீட்டிக் கொடுத்தார்கள்.

உட்கார்ந்திருந்தால் மூன்று வயிறு எப்படி நிறையும்? ஹாஜிராவிடம் ஒரு கை மெஷின் இருந்தது. சாந்தோம் பக்கத்திலிருந்து ஜாக்கெட் துணி வாங்கிவந்து தைப்பாள். வெட்டியது நான். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கத்திரிச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மடியில் தலையணை வைத்துக்கொண்டு வெட்டினேன். அதற்கு முன் நான் பெண்கள் உடுப்பைத் தொட்டதே இல்லை. ஆனாலும் தொழில்காரன் கை சும்மா இருக்குமா? எங்கள் ஆட்கள் போடும் குர்தாவில் கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்போம். கையை எவ்வளவு தூக்கினாலும் இழுக்காது. அதையே ஜாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். டோரதி டீச்சர் என்று ஒருவர், நாளெல்லாம் கரும்பலகையில் கை தூக்கி எழுதுகிறவர், வாசலில் நின்று ஹாஜிராவிடம் சொன்னது திரைக்குப் பின்னால் என் காதில் விழுந்தது. "இத்தனை வருஷத்துல கக்கத்துல கிழியாத ஜாக்கெட் இதுதான் பீ." அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம்தான் பிறகு என் கழுத்துக்கு வந்தது. டீச்சர் சொல்லி இன்னும் நான்கு டீச்சர்கள் வந்தார்கள்.

மனுவில் ஓர் இடத்தில் 'பெர்மிட் காலத்தில் எந்த வேலையும் பார்க்கவில்லை' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பொய்தான். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நாற்பத்தொன்பது செப்டம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. ஊரை விட்டுப் போகாமலே நிரந்தரமாக இருக்கலாம், வேலை பார்க்கலாம். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரை அண்ணாச்சி, அந்தக் காலத்தில் எங்கள் சேட்டுக்கு நூல்கண்டு போட்டவர், இவருக்கு என் கடையில் வேலை தயார் என்று எழுதிக் கொடுத்ததால் வந்த உத்தரவு. அதன் அடியில் ஒரு வரி இருந்தது. மனுவில் சொன்னது எதுவும் பொய் என்று தெரிந்தால் இந்த உத்தரவு செல்லாது. சந்தோஷத்தில் ஹாஜிரா அழுதாள். நான் அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போன முதல் நாள் காலை ஹாஜிரா வாசலில் நிறுத்தி, "கடையில அந்தச் சதுரத் துண்டை மட்டும் வெச்சிடாதீங்க. ஊர்ல யாரும் அப்படி வெட்டல. பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள். எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் அதைத்தானே நினைத்துப் புரண்டேன். லஸ் தாண்டி, தேனாம்பேட்டை வழியாக நடந்தேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தால்கூட ஒதுங்கி நின்றேன். சட்டைப் பையில் உத்தரவு இருந்தது. போகிற வழியில் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

கடையின் முன்பக்கம் துணி வியாபாரம், பின்பக்கம் தையல். பின்பக்கத்துக்குத் தலைவன் வேம்பு. அண்ணாச்சியின் ஊர்க்காரன், இருபத்தைந்து வயது இருக்கும், அரும்பு மீசை. என் வயதில் பாதியைச் சற்றே தாண்டியவன் எனக்கு மேலே. "வாங்க பாய், மேஜையில இந்தப் பக்கம் உங்களுக்கு" என்று மரியாதையாகத்தான் இடம் காட்டினான். காலையில் இரண்டு சட்டை வெட்டினேன். கை கொஞ்சம் பழைய நிதானத்துக்கு வந்தது.

பதினோரு மணிக்கு வேட்டி சட்டை போட்ட ஓர் ஆள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு நேராகப் பின்பக்கம் வந்தார். துணி வாங்க வந்தவர் அப்படி வரமாட்டார். செருப்பைப் பார்த்தேன். போலீஸ் செருப்பு.

"இனாயத்துங்கறது யாரு?"

நான் எழுந்து நின்றேன். அண்ணாச்சி கல்லாவை விட்டு ஓடிவந்தார். "ஐயா யாருன்னு தெரியலையே. உக்காருங்க, குடிக்கக் கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லட்டா?"

"கலர்லாம் வேணாம். நான் மரியதாஸ். மப்டில கீறேன். பெர்மிட்டு விசாரணை." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாய் மேல மொட்டைக் கடுதாசி ஒண்ணு வந்துகீது. பெர்மிட்டுல இருந்தப்பவே வூட்ல ஜாக்கெட் வெட்டிக்கினு இருந்தாருன்னு."

அந்தக் கடிதத்தை யார் எழுதியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் சந்தில் எல்லோரும் எனக்கு நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்தார். நீல வாயில் துணியில் தைத்த ஜாக்கெட். டோரதி டீச்சருடையது. நான் வெட்டியது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்தால் தெரியாதா?

"டீச்சரம்மாகிட்ட கேட்டுக்கினுதான் எடுத்தாந்தேன். ஹாஜிரா பீ கைல துணி குடுத்தேன், வெட்னது யாருன்னு தெரியாதுன்னு சொல்றாங்க. தச்சது உன் சம்சாரம். சரி. வெட்னது யாரு?"

வாயைத் திறந்தேன். ஹாஜிராதான் வெட்டினாள் என்று சொல்லத்தான் நினைத்தேன், சத்தம் வரவில்லை. அன்றைக்கு என் கோழைத்தனம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

மரியதாஸ் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினார். "எங்கப்பன் லஸ்ஸுல முப்பது வருஷம் கத்திரி புடிச்சவரு. நான் அவரு காலடியில துண்டு பொறுக்கி வளந்தவன். ஒருத்தன் கை இன்னொருத்தனுக்கு வராது. இது வூட்ல பொழுதுபோவாம கத்துக்கினு வெட்ன வெட்டு இல்ல." கக்கத்தில் விரலை வைத்தார். "இந்தத் துண்டு இன்னாது? எந்த ஜாக்கெட்லயும் நான் பாத்ததில்லையே. வாயால சொல்ல வேணாம் பாய். டீச்சர் அளவுக்கு ஒண்ணு வெட்டு. பாக்கலாம்."

அண்ணாச்சி வெள்ளை பாப்ளின் எடுத்து மேஜையில் போட்டார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்காக எழுதிக் கொடுத்தவர் அல்லவா, அவர் தலையும் இதில் மாட்டியிருந்தது.

சுண்ணக்கட்டியை எடுத்தேன். சதுரத் துண்டை மட்டும் வெட்டாதே. இதே ஒரு நினைப்பு. வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. கராச்சியில் நான் படுத்திருந்த கிடங்கு, அங்கே மழையில் ஊறிய சாக்குகளின் நாற்றம் எல்லாம் மூக்கில் வந்தது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்தத் தடவை போனால் அவள் கல்யாணத்துக்குக்கூட வர முடியாது. வியர்வை சொட்டித் துணியில் விழுந்தது. கோடு போட்டேன், மடித்தேன், வெட்டினேன். முன்பக்கம், முதுகு, இரண்டு கை. சதுரத் துண்டை வெட்டவில்லை. தப்பித்தோம் என்று கத்திரியைக் கீழே வைத்தேன்.

மரியதாஸ் எழுந்து வந்து துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி மேஜையில் பரப்பினார். பிறகு கக்கத்தைத் தொட்டார். அங்கே முனை மழுங்கி, கைக்குட்டையில் கால் பங்கு போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது.

துண்டை வெட்டவில்லை. ஆனால் அது வந்து உட்கார வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். ஒன்பது மாதமாகப் பழகிய கை, என்னைக் கேட்காமலே முனையை வெட்டி எடுத்துவிட்டது.

"இங்க இன்னா வந்து உக்காரும் பாய்?" என்றார் மரியதாஸ், மிக மெதுவாக. "துண்டு எங்க?"

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுதுவிடக் கூடாது என்று மட்டும் ஆண்டவனைக் கேட்டேன்.

"அவரை ஏன் சார் கேக்குதிய?"

வேம்பு. மெஷின் பக்கத்தில் நின்றிருந்தவன் மேஜைக்கு வந்தான். "அது என் வெட்டு. காலையிலதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். பழகலை, துண்டை மறந்துட்டாரு. அந்த நீல ஜாக்கெட்டும் நான் வெட்டுனதுதான். அந்த பீ அம்மா துணி கொண்டாந்து குடுக்கும், வெட்டிக் குடுப்பேன், வீட்டுல வச்சுத் தைக்கும்."

மரியதாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் வெட்டா? அப்ப அந்தத் துண்டை நீ வெட்டு."

வேம்பு அந்த ஜாக்கெட்டைப் பார்த்ததே கால் மணி நேரமாகத்தான். கத்திரியை எடுத்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். மீதித் துணியில் ஒரு சதுரம் வெட்டி, நான் விட்டிருந்த இடத்தில் வைத்தான். உட்கார்ந்தது. ஆனால் ஒரு விரற்கடை பெரிசு, திசையும் தப்பு. முனை கீழே பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தது.

"பெருசா கீதே," என்றார் மரியதாஸ்.

"பாப்ளின் சார். ஒரு சலவைக்குச் சுருங்கும். விட்டுத்தான் வெட்டணும்."

மரியதாஸ் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தையல்காரன் மகன், தெரியாமல் இருக்குமா? ஆனால் நோட்டில் எழுத ஒரு பதில் கிடைத்துவிட்டது, அதைச் சொல்ல ஓர் ஆளும் கிடைத்துவிட்டான். அந்த வெட்டு கடையின் வெட்டுக்காரன் வேம்புவுடையது என்று எழுதி வேம்புவிடமும் அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்கினார். ஜாக்கெட்டைத் திரும்பப் பொட்டலம் கட்டினார்.

"பாய், ஆர்டர் கைல கீதுன்னு காலை நீட்டிப் படுத்துக்காத. மாசத்துல ஒரு தபா இந்தப் பக்கம் வருவேன். நீ வெட்றத பாப்பேன்."

அவர் போன பிறகு அண்ணாச்சி வேம்புவைப் பார்த்து, "என் கையெழுத்தையும்லா வாங்கிட்டுப் போறான்" என்றார். கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் வேம்புவின் கையைப் பிடித்தேன். "ஏன் தம்பி இப்படிப் பண்ணே?"

"தெரியலை பாய். வாயில வந்திட்டு." பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்பப் பையில் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீய. இனிமே அந்தத் துண்டை நீங்க போடாதீய. போடச் சொல்லி யாராவது நின்னா, தப்பாப் போடுங்க."

"ஏன்? நீ சொல்லிக் குடுத்ததுன்னு எழுதியாச்சே."

"நீங்க போட்டா என்னோடதைவிட நல்லா இருக்கும் பாய். அப்பத் தெரிஞ்சிரும்."

எனக்குக் கோபம் வந்தது. உயிரைக் காப்பாற்றியவன் மேல் கோபம் வருமா என்றால், வரும். இருபது வருஷத் தொழிலை இந்த அரும்பு மீசை கேட்கிறானே என்று வந்தது. அடுத்த நொடியே அவன் பற்றவைக்காமல் போட்ட பீடியை நினைத்து வெட்கமும் வந்தது. சரி என்று தலையாட்டினேன். வீட்டில் ஹாஜிராவிடம் சொன்னபோது, "தலை தப்பிச்சுது இல்ல? வெட்டு போனா போகட்டும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று சாதம் இறங்கவில்லை.

அக்டோபரிலும் நவம்பரிலும் மரியதாஸ் சொன்னபடி வந்தார். வரும் நாள் சொல்லமாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து நான் வெட்டுவதைப் பார்ப்பார். நான் வேம்புவிடம், "இது சரியா இருக்கா, பாரு" என்று கேட்பேன். "இன்னும் உள்ள தள்ளணும் பாய்" என்று அவன் திருத்துவான். தப்பாகத்தான் திருத்துவான். நான் அப்படியே செய்வேன். ஒழுங்காக வெட்டுவதைவிடத் தெரிந்தே தப்பாக வெட்டுவது கஷ்டம், கை முரண்டு பிடிக்கும். ஒரு தடவை கவனம் தப்பி ஒரு கைக்குழி, தோளில் கை வந்து சேரும் வளைவு, சரியாக வந்துவிட்டது. அவர் பார்ப்பதற்குள் கத்திரியை இழுத்துக் கெடுத்தேன்.

இதற்கிடையில், ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மரியதாஸ் டீச்சரிடம் சொன்ன பெயர் பரவி, 'வேம்பு வெட்டு' என்று கேட்டு மாம்பலத்திலிருந்தும் அடையாறிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கக்கத்தில் துண்டு வைத்த ஜாக்கெட் அவர்களுக்குப் புதுசு. சுமாராகவே இருந்தாலும் மற்றவர்கள் வெட்டுவதைவிட மேல். வேம்பு சங்கடப்பட்டான். யாரும் இல்லாத நேரம் பார்த்து, முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டான். சொல்லியிருக்கலாம். பயம். திடீரென்று நன்றாக வெட்டினால் மரியதாஸ் கேட்கமாட்டாரா? தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கும் புரிந்தது, மறுபடி கேட்கவில்லை.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குத் தைக்க வந்த கூட்டத்தில் டோரதி டீச்சர் வந்தார். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். குரல் எனக்கு நன்றாகத் தெரியும். மரியதாஸும் அன்று ஸ்டூலில் இருந்தார். டீச்சர் போன வாரம் ஆள் அனுப்பித் தைத்து வாங்கிய ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, இங்க இழுக்குது. ஹாஜிரா பீ குடுத்த ஜாக்கெட்ல இப்படி இழுக்கவே இல்ல. அதையும் நீங்கதான் வெட்டினீங்கன்னு போலீஸ்காரர் சொன்னாரே?"

"நான்தாம்மா," என்றான் வேம்பு, தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தத் தடவை கொஞ்சம் பிசகிட்டு."

ஒரு விரற்கடை குறைத்து, முனையைக் கீழே திருப்பினால் போதும். கால் மணி நேர வேலை. என் விரல்கள் தாமாகவே மேஜையில் இல்லாத அந்தச் சதுரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மரியதாஸ் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

டீச்சருக்கு வேம்புவின் பதில் போதவில்லை. என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க அனுபவசாலி மாதிரி இருக்கீங்க. இது எதனால இழுக்குதுன்னு நீங்களாவது பார்த்துச் சொல்லுங்களேன்."

பிறந்ததிலிருந்து கச்சேரி ரோட்டில் வளர்ந்தவன், அவர் கக்கத்துத் துண்டை என் கையால் வெட்டியவன், தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "நான் இங்க புதுசு."